நர்சம்மா தேடிய தப்பு

யாரைப் பற்றியாவது புகார் சொல்லிக்கொண்டு போனால் அந்த நர்சம்மா முதலில் சொல்லும் பதில் ஒன்றுதான். "இருங்க, தேடிப் பாக்கறேன்."

எதைத் தேடுகிறார் என்பது புதிதாக வந்தவர்களுக்குப் புரியாது. எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலைக்கு மாற்றலாகிப் போன எனக்கும் புரியவில்லை. மலைமேல் ஓட்டுக் கட்டடம் ஒன்றில் இருந்த சின்ன அரசாங்க ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர். அவர் பிரசவம் பார்க்கும் நர்ஸ். டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள் வருவார், அதுவும் பஸ் வந்தால். மற்ற நாட்களில் ஆஸ்பத்திரி என்றால் நான், நர்சம்மா, கூட்டிப் பெருக்கி வெந்நீர் வைக்கும் ஆயா, மூன்று பேர்தான்.

போன முதல் வாரமே நான் ஒரு புகாரோடு அவரிடம் போனேன். சாமான் வாங்கச் செங்கம் சந்தைக்குப் போயிருந்தேன். ஷேர் ஜீப் ஓட்டுபவன் "நீங்க வர்ற வரைக்கும் நிக்கிறேன் சார்" என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லிவிட்டு, ஆள் சேர்ந்ததும் கிளம்பிப் போய்விட்டான். அரிசி மூட்டையும் மண்ணெண்ணெய் டின்னுமாக ஒரு பகல் முழுக்க வெயிலில் நின்றேன். மலைக்காரர்கள் நர்சம்மா பேச்சைத் தட்டமாட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கச் சொன்னேன்.

"இருங்க, தேடிப் பாக்கறேன்," என்றார்.

ஜீப்காரனைத்தான் தேடப்போகிறார் என்று நினைத்தேன். நாலு நாள் கழித்து, நான் இருமல் மருந்து கலக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் வந்து நின்றார். முகத்தில் தொலைந்த கம்மல் கிடைத்த மாதிரி ஒரு களை.

"ஆப்டுச்சி சார்."

"ஜீப்காரன் அகப்பட்டானா?"

"அவன் எதுக்கு? என் தப்பு ஆப்டுச்சி."

அகப்பட்டது இதுதான். நர்ஸ் பயிற்சியில் இருந்தபோது, தலைப்பிரசவத்துக்கு வந்த ஒரு பெண்ணிடம் "புள்ள பொறக்கற வரைக்கும் உன்ன வுட்டு நகரமாட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். அன்று தோழிகள் சினிமாவுக்குக் கூப்பிட்டார்கள். போய்விட்டார். திரும்பி வந்தபோது பிள்ளை பிறந்து அழுதுகொண்டிருந்தது.

"அந்தப் பொண்ணு என்ன ஒரு பார்வ பாத்துச்சி சார். அதனால ஜீப்காரன நான் ஒண்ணும் கேக்க முடியாது. ஆனா நீங்க அவங்கிட்ட சொல்லுங்க, வெயில்ல காத்துக்கினு நின்னது எப்டி இருந்திச்சின்னு. அந்தப் பொண்ணு எங்கிட்ட வாயத் தொறந்து சொல்லியிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். இப்படியும் ஒரு மனுஷியா என்று மருந்துக் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். எனக்குப் பிறவிக்குணம் ஒன்று உண்டு. பிறர் சங்கதி என்றால் மூக்கு தானாக நீளும். அன்றிலிருந்து அந்த அம்மாளை நோட்டம் விடுவது என் முழுநேர வேலையாயிற்று. மருந்து கலக்குவது அதற்கு இடையில் செய்ததுதான்.

நாற்பதைத் தாண்டியவர். நல்ல உயரம். மலையடிவாரத்துக் கிராமம் ஒன்றில் கத்தோலிக்கக் குடும்பம். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று நான் மூன்று முறை கேட்டேன், மூன்று முறையும் மூன்று பதில் சொன்னார். தேடும்போது இடது கையில் கட்டியிருந்த கடிகாரத்தின் சாவியைத் திருகிக்கொண்டே இருப்பார். கண் எங்கேயோ பார்க்கும். அந்த நேரத்தில் கூப்பிட்டால் காதில் விழாது.

அவரை ஒரு தெய்வப்பிறவி என்று எழுதிவிட்டுப் போகலாம், ஆனால் அது உண்மையில்லை. டீயில் சர்க்கரை குறைந்தால் எரிந்து விழுவார். அடுத்தவர் குடையை வாங்கினால் திருப்பித் தரமாட்டார். என் குடை இரண்டு அவரிடம் போனது. கேட்டால், "நானே தேடிக்கினு கீறேன்" என்பார். அந்தத் தேடல் மட்டும் ஒருநாளும் முடியவில்லை.

ஒருமுறை மலைக் கிராமத்திலிருந்து ஒரு மாமியார் மருமகளையும் கைக்குழந்தையையும் இழுத்துக்கொண்டு வந்தாள். மருமகள் பால் கொடுத்தபடியே தூங்கிப்போய், குழந்தை மடியிலிருந்து உருண்டு நெற்றியில் அடிபட்டிருந்தது. "இவளையெல்லாம் ஒரு ஆத்தான்னு சொல்லலாமா நர்சம்மா?" என்று மாமியார் மாரில் அடித்துக்கொண்டாள். நர்சம்மா காயத்தைத் துடைத்து மருந்து போட்டார். போட்டு முடித்ததும் கடிகாரச் சாவியைத் திருகத் தொடங்கினார். எனக்குத் தெரிந்துவிட்டது. எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று உடனே கிடைத்துவிட்டது. ராத்திரி டியூட்டியில் நின்றபடியே தூங்கி, சாய்ந்த இடத்தில் இருந்த மருந்து அலமாரியைத் தன்மேலேயே தள்ளிக்கொண்ட கதை. விழுந்தது எப்படி, உடைந்தது எத்தனை, மேட்ரன் சொன்ன வசவு என்ன என்று அவர் நடித்துக் காட்டியதில் மாமியார்க்காரியே சிரித்துவிட்டாள். சிரித்து முடித்ததும் நர்சம்மா கேட்டார்.

"நீ தூங்கி வழிஞ்சதே இல்லியா ஆத்தா?"

மாமியார் மருமகளை ஓரக்கண்ணால் பார்த்தாள். பிறகு, சாமைக் கொல்லையில் காவலுக்குப் போய்த் தூங்கிவிட, பன்றி புகுந்து பாதிக் கொல்லையைத் தின்ற கதையைச் சொன்னாள். மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். போகும்போது குழந்தை மாமியார் இடுப்பில் இருந்தது.

இதையெல்லாம் பார்த்துவிட்டு, எதையும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிற ஆள் போலும் என்று எடை போட்டேன். அதுவும் தப்பு. பெண்டாட்டியை அடித்துக் கையை முறித்த ஒருவன் வந்தான். "கோவம் வந்துச்சி நர்சம்மா, கண்ணு மண்ணு தெரியல," என்றான். நர்சம்மா சாவியைத் திருகினார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

"எனக்குந்தாம்பா கோவம் வரும். இதுக்கு முன்னாடி இருந்த ஆயாவ ஒரு தபா கன்னத்துல அறைஞ்சிருக்கேன். அதனால எனக்கு ஒண்ணு தெரியும். கண்ணு மண்ணு தெரியலன்னு சொல்றது பொய்யி. எனக்கு டாக்டர் மேல அதவிடக் கோவம் வந்திருக்குது. அவர அடிச்சனா? இல்லியே. யாரு திருப்பி அடிக்கமாட்டாளோ அவளப் பாத்துத்தான் அடிச்சேன். நீயும் அப்டித்தான். போய் அவ எதிர்ல அதச் சொல்லு."

அவன் தலை குனிந்தபடி வெளியே போனான். நானும் தலையைக் குனிந்துகொண்டேன். திட்டியிருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான்.

வருஷங்கள் போகப் போக எனக்குள் ஒரு சந்தேகம் முளைத்தது. ஒரு மனுஷி இத்தனை தப்பு செய்திருக்க முடியுமா? திருட்டா, அதற்கு ஒன்று வைத்திருக்கிறார். பொய்யா, அதற்கு மூன்று. பொறாமை, சோம்பல், நன்றி மறந்தது, சொல்லக்கூடாததைச் சொன்னது, எதைக் கேட்டாலும் நாலு நாளில் ஒன்று வந்துவிடுகிறது. கட்டிவிடுகிறாரோ? ஆறுதலுக்குச் சொல்லும் கதைகளோ? இதை நோண்டாமல் எனக்குத் தூக்கம் வராது போலிருந்தது.

அவர் ஊர் மாதா கோயில் திருவிழாவுக்கு எங்களை அழைத்திருந்தார். எல்லோரும் தேர் பார்க்கப் போனார்கள், நான் சாட்சி விசாரிக்கப் போனேன். அவருடைய அக்காளைப் பிடித்தேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, பேச்சுக் கொடுக்கிற மாதிரி ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். தம்பியின் பலூனை ஊசியால் குத்திவிட்டுக் காக்காய் மேல் பழி போட்டது நிஜமா? நிஜம். சாமியாருக்கு வைத்திருந்த பலகாரத்தைத் தின்றது? நிஜம். சாகக் கிடந்த சித்தியைப் பார்க்கப் போகாமல் தலைவலி என்று படுத்துக்கொண்டது? அக்காள் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டாள்.

"அன்னிக்கி எனக்குந்தான் தலவலி," என்றாள். "நாங்க நாலு பேருமே போகல. அவ மட்டும் சொல்லிட்டாளா?"

"அப்போ உங்க தங்கச்சி ஒண்ணும் கட்டிவிடலையா?"

"எதுக்குக் கட்டணும்? அவ எங்களவிட ஒண்ணும் ஜாஸ்தி தப்பு பண்ணலீங்க. எங்களுக்கெல்லாம் மறந்து போச்சி, அவளுக்கு மறக்கல. அவ்ளோதான்."

அந்தப் பதிலோடு மலையேறினேன். வழியெல்லாம் எனக்கென்று ஏதாவது நினைவு வருகிறதா என்று பார்த்தேன். பிறர் எனக்குச் செய்தவை வரிசையாக வந்தன. நான் செய்தது ஒன்றும் வரவில்லை. அதை அன்று பெருமையாகத்தான் நினைத்தேன்.

இனி சொல்லப்போவது எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது. இதைச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. ஆனால் இதைச் சொல்லாவிட்டால் அந்த அம்மாளைப் பற்றிச் சொன்னதாக ஆகாது.

மாசி மாதம். குழந்தைகளுக்குத் தடுப்பு மருந்து போடும் நாள் ஒன்று குறித்திருந்தார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் அப்போது குளிர்ப்பெட்டி கிடையாது. முதல் நாள் நான் கீழே போய், ஐஸ் நிரப்பிய பெட்டியில் மருந்துக் குப்பிகளை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வரவேண்டும். மறுநாள் காலையில் போட்டுவிட வேண்டும். ஐஸ் கரைந்து சூடு பட்டால் அந்த மருந்து வெறும் தண்ணீர்.

மலைப்பாதையில் பாதி ஏறியதும் பஸ் நின்றுவிட்டது. டிரைவர் வண்டிக்கு அடியில் படுத்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. நாக்கு வறண்டு, நான் பெட்டியைத் திறந்து ஒரு ஐஸ் துண்டை எடுத்து வாயில் போட்டேன். அதைக் கண்டக்டர் பார்த்துவிட்டார். அவருக்கு ஒன்று கொடுத்தேன். டிரைவருக்கு ஒன்று. பிறகு ஒரு பெரியவர் கை நீட்டினார். பிறகு பஸ்ஸே கை நீட்டியது. மலைக்காரர்களில் பாதிப் பேர் ஐஸைக் கையில் தொட்டதே இல்லை. சிரித்தார்கள், கன்னத்தில் வைத்துக்கொண்டார்கள், "கம்பவுண்டர் நல்ல மனுசன்யா" என்றார்கள். அந்தச் சொல் ஐஸைவிட இனித்தது. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை. பஸ் மறுபடி கிளம்ப இரண்டரை மணி நேரம் ஆயிற்று. பெட்டியில் மிச்சமிருந்ததும் தண்ணீராகிவிட்டது. ஊர் வந்து பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. மருந்து போய்விட்டது என்று அப்போதே எனக்குத் தெரியும். பெட்டியை ஆயாவிடம் கொடுத்து உள்ளே வைக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

ஆயா என்பது பதவியின் பெயர். அவளுக்கு வயது முப்பத்தைந்துதான் இருக்கும். நெல்லிவாசல் பக்கத்து மலைப்பெண். புருஷன் புளி உலுக்கப்போய் மரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்திருந்தான். அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது.

மறுநாள் காலையில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் வந்து மரத்தடி முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். சிலர் விடியுமுன்னே புறப்பட்டு நடந்து வந்தவர்கள். மேற்பார்வைக்குக் கீழேயிருந்து ஒரு அதிகாரியும் வந்திருந்தார். மருந்து எங்கே என்று கேட்டார். ஆயா ஓடிப்போய்ச் சமையல்கட்டு அடுப்பின் பக்கத்திலிருந்து, ஒரு முறத்தில் குப்பிகளை அடுக்கி எடுத்து வந்தாள். அதிகாரி ஒன்றைத் தொட்டார். சுட்டது.

"யாரு இதை அடுப்புகிட்ட வெச்சது?"

"நாந்தான் சாமி," என்றாள் ஆயா. "பெட்டிக்கு அடியில தண்ணி கசிஞ்சிது. தொறந்து பாத்தேன். உள்ள தண்ணிதான் நின்னுக்கினு இருந்திச்சி. பாட்டிலு எல்லாம் அதுல மெதந்துச்சி, மேல ஒட்டன காயிதம் உரிஞ்சிக்கினு வந்திச்சி. பச்சப் புள்ளைங்களுக்குப் போடற மருந்தாச்சே, காயட்டும்னு வெச்சேன்."

"ஐஸ் இல்லையா?"

"ஐஸுன்னு நான் ஒண்ணும் பாக்கல சாமி. வெறும் தண்ணி."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீங்க கொண்டுவந்தப்போ ஐஸ் இருந்ததா?"

"இருந்தது சார். நெறைய இருந்தது. மூடி முட்ட இருந்தது."

ஒருமுறை சொன்னால் போதும். நான் மூன்று முறை சொன்னேன். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற மாதிரிதான். அதிகாரி கவனிக்கவில்லை. தப்பை மறைக்கப் பொய் வேறு சொல்கிறாள் என்று ஆயாமேல் பாய்ந்தார். அவள் என்னைப் பார்த்தாள். நான் மருந்துப் பதிவேட்டைப் பார்த்தேன்.

நர்சம்மாவை அபிப்பிராயம் கேட்டார். அவர் கை கடிகாரத்துக்குப் போனது.

"சார், ஊசிய வேக வை, கத்திரிய வேக வை, துணியக் காய வைன்னுதான் நான் இவளுக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். மருந்து சூடு படக்கூடாதுன்னு ஒரு நாளும் சொல்லித் தரல. அதுல என் தப்பும் கீது."

"அடுப்புக்கு வேணா அது சரி. பொய்க்கு?" என்றார் அதிகாரி.

நர்சம்மாவின் கை கடிகாரச் சாவியிலேயே நின்றது. தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தார்கள். ஆயா இனி வேலைக்கு வரவேண்டாம், மாதக் கடைசியில் உத்தரவு வரும் என்று சொல்லிவிட்டு அதிகாரி ஜீப்பில் ஏறினார்.

மறுநாளிலிருந்து வெந்நீர் வைப்பதும் பெருக்குவதும் நர்சம்மா தலையில் விழுந்தது. பெருக்கும்போதும் யோசனைதான். அஞ்சாம் நாள் துடைப்பத்தோடு என் அறை வாசலில் வந்து நின்றார்.

"சார், ஒரு கணக்கு உதைக்குது. நான் எவ்வளவோ பொய் சொல்லியிருக்கேன். ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்தேன். எல்லாத்துலயும் எனக்கு இன்னாவோ ஒரு லாபம் இருந்திச்சி. இவ அடுப்பாண்ட வெச்சத அவளே ஒத்துக்கினா. அப்புறம் ஐஸு இல்லன்னு ஒரு பொய்ய எதுக்குச் சொல்லணும்? அதுல அவளுக்கு இன்னா லாபம்?"

என்னைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டார், நான் வாழ்நாள் முழுக்க அடுத்தவர் சங்கதியைக் கேட்ட மாதிரி. ஆனால் தன் பொய்களை வைத்தே அளந்து அளந்து என் வாசல் வரைக்கும் வந்துவிட்டார். சொல்லிவிட்டேன். பஸ் நின்றது, ஒரு துண்டு, கண்டக்டர், பெரியவர், நல்ல மனுசன் என்ற சொல், எல்லாவற்றையும்.

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். வெகுநேரம் என் முகத்தையே பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"இருங்க, தேடிப் பாக்கறேன்," என்றார்.

முதலில் எனக்கு 'அப்பாடா' என்று இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அன்று நன்றாகத் தூங்கினேன். நாலு நாளில் ஏதாவது ஒரு பழைய கதையோடு வருவார், நானும் அவரும் சிரிப்போம், அதற்குப் பிறகு ஏதாவது வழி பிறக்கும் என்று இருந்தேன். நாலு நாள் ஆயிற்று. வரவில்லை. ஆறு நாள் ஆயிற்று. என்னைக் கடந்து போகும்போது தலையை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டுப் போனார். இன்னும் ஆப்டல. அத்தனை வருஷம் அவருடைய தேடலை வேடிக்கை பார்த்தவனுக்கு, அந்தத் தேடலின் அடியில் கிடப்பது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. ஜீப்காரன், மாமியார், கையை முறித்தவன் என்று எல்லோருக்கும் கிடைத்தது எனக்கு மட்டும் கிடைக்காமல் போகுமோ என்று பயந்தேன். அதிகாரியிடம் போய் நானே சொல்லலாம் என்பது அவ்வப்போது தோன்றியது. நர்சம்மா தேடி முடிக்கட்டும் என்று தள்ளிப் போட்டேன்.

ஒன்பதாம் நாள் நானே கேட்டுவிட்டேன்.

"ஒண்ணுமே ஆப்டலையா சிஸ்டர்?"

"இல்ல சார்." அவருக்கே அது வருத்தமாக இருந்தது. "பொய் சொல்லியிருக்கேன். திருடியிருக்கேன். பழி போட்டிருக்கேன், ஆனா காக்கா மேலதான். நம்ம தப்புக்கு இன்னொரு பொம்பள வேல போயி வூட்ல குந்திக்கினு கீறது தெரிஞ்சும், நான் வாய மூடிக்கினு இருந்தேன்னு ஒண்ணும் ஞாபகம் வர்ல."

நான் மருந்துப் பதிவேட்டைப் புரட்டத் தொடங்கினேன்.

மறுநாள் காலை நான் ஆஸ்பத்திரிக் கதவைத் திறக்குமுன்னே வாசலில் நின்றார். வெள்ளைப் புடவை இல்லை, வெளியூர் போகும் புடவை. முகம் வெளிறியிருந்தது. கிடைத்துவிட்டது என்று தெரிந்தது, ஆனால் வழக்கமான களை இல்லை.

"ஆப்டுச்சி சார்."

"என்ன சிஸ்டர்?"

"நீங்க எங்கிட்ட சொல்லி இன்னியோட பத்து நாள். அந்தப் பத்து நாளும் உண்மை இன்னான்னு எனக்குத் தெரியும். அவ வேல இல்லாம குந்திக்கினு கீறதும் தெரியும். நான் கீழ போய் ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். சொல்லல. உங்கள மன்னிக்கறதுக்கு என் தப்பத் தேடிக்கினு கெடந்தேன்." முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டார். "எங்கேயோ தேடினேன் சார். அத நேத்து வரைக்கும் செஞ்சிக்கினு இருந்தேன்."

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் அழுவதை அன்றுதான் பார்த்தேன். அதிக நேரம் அழவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எழுந்திருங்க, மொதல்ல அவ வூட்டுக்குப் போவோம்," என்றார்.

ரெண்டு மலை ஏறி இறங்கி நடந்தோம். ஆயா வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே புருஷன் கட்டிலில் படுத்திருந்தான். நான் சொன்னேன். பிறகு நர்சம்மா தன் பத்து நாளைச் சொன்னார். ஆயா முறத்தை நிறுத்தவே இல்லை. நாங்கள் இரண்டு பேரும் சொல்லி முடித்தபிறகும் கொஞ்ச நேரம் புடைத்தாள்.

"நான் பொய் சொல்லிட்டேன்னு என் வூட்டுக்காரரே நெனச்சிக்கினு இருந்தாரு," என்றாள். "மன்னிக்கறது அப்புறம் பாத்துக்கலாம். அங்க அந்த ஆபீசரு சாமி எதிர்ல இதச் சொல்லுங்க. சொல்லும்போது நான் நின்னு கேக்கணும்."

மூன்று பேருமாகக் கீழே போனோம். அதிகாரியின் மேசைக்கு முன்னால் நின்றதும் நர்சம்மா வழக்கம்போல, "சார், மொதல்ல என்னோட தப்பு..." என்று தொடங்கினார்.

"இல்லை சிஸ்டர். முதல்ல நான்," என்றேன்.

அதிகாரி கத்தினார். கத்தவேண்டியதுதான். ஆயாவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. நர்சம்மாவுக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. எனக்குத் தண்டனையும், மூன்று மாதத்தில் மாற்றலும். இதெல்லாம் பிறகு. அன்று திரும்பி வரும்போது ஷேர் ஜீப்பின் பின்பக்கம் மூன்று பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். ஜீப் மலைப்பாதையில் பாதி ஏறியது. ஆயாதான் ஆரம்பித்தாள்.

"கம்பவுண்டர் சார், ஒண்ணு கேக்கட்டா?"

"கேளும்மா."

"பஸ்ஸுல எல்லாருக்கும் குடுத்தீங்களே, அந்த ஐஸு. அது இன்னா ருசி?"

கிண்டல் இல்லை. அவள் அதைப் பார்த்ததே இல்லை. அவள் பெட்டியைத் திறந்தபோது அது கரைந்து போயிருந்தது.

"தண்ணி ருசிதாம்மா," என்றேன்.

"வெறும் தண்ணியா?"

"வெறும் தண்ணிதான்."

அவள் அதை நினைத்துப் பார்த்தாள். பிறகு, "அதுக்கா?" என்றாள்.

நர்சம்மாவைப் பார்த்தேன். அவர் கை கடிகாரத்தின் பக்கம் போகவில்லை, மடியிலேயே கிடந்தது. அவரும் ஆயாவைப்போலவே என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தார்.